மாப்பிள்ளைக் கார்

தெங்கேராவில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் நான் போமெனாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் அந்தப் பச்சைக் கார் உள்ளே வந்தது. எங்கள் பக்கத்தில் முதலாளியைத் தவுக்கே என்றும் மெக்கானிக்கைப் போமென் என்றும்தான் சொல்வோம். கார் நின்றதும் எஞ்சின் மூச்சு வாங்குவதுபோல் இரண்டு தடவை ஏறி இறங்கி, தானாக அணைந்தது. ஓட்டி வந்தவர் ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டிவிட்டு இறங்கினார். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்றுத் தஞ்சோங் கிளிங்கில் வீடு வாங்கிக் குடியேறியிருந்தார்.

என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ டிரைவரு மவன்தானே? இங்கதான் வேலையா?"

"ஆமாங்க ஐயா."

"நல்லதாப் போச்சு. இந்தக் காடி நிக்கிற எடத்துல எல்லாம் செத்துப் போவுதுப்பா. மூணு பட்டறை பாத்துட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. அடுத்த மாசம் என் மவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ள ஊர்வலம் இதுலதான் போவணும். பாத்துச் செய்."

தலையாட்டினேன். என் அப்பா எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கார் என் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய கார்.

அப்பா இருபத்தாறு வருடம் தோட்டத்து மானேஜருக்கு டிரைவர். மானேஜரைத் துரை என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் போய் உள்ளூர்க்காரர்கள் வந்த பிறகும் அந்தச் சொல் மட்டும் போகவில்லை. அப்பாவின் துரையும் உள்ளூர்க்காரர்தான். அவருக்கு முன்பிருந்த வெள்ளைக்காரர் கப்பலேறும்போது இந்த இங்கிலீஷ் காரை அவரிடம் விட்டுப் போயிருந்தார். "நான் ரிட்டயர் ஆவுறப்ப இது ஒனக்குத்தான்லா" என்று துரை பின் சீட்டில் சாய்ந்துகொண்டு சொல்வாராம். புலாவ் செபாங் ரயில்வே கேட் மூடியிருந்து, காத்திருக்க வேண்டி வந்தால் அவருக்கு இந்தப் பேச்சு வந்துவிடும். அப்பா அதை வீட்டுக்கு வந்து அப்படியே சொல்வார். அம்மா அதை நம்பி, லயத்தில், தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடுகளில், எங்கள் வீட்டின் ஓரத்திலிருந்த வாழைகளை வெட்டித் தரையைச் சமமாக்கி, கார் நிறுத்த இடமே செய்துவிட்டாள். லயம் முழுக்க அந்தக் கதை தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துரை ஓய்வு பெற்றார். தோட்டத்துக் கிளப்பில் தேநீர் விருந்து வைத்தார்கள். பேச்சின் நடுவில், தன் காரைப் பெரிய கிராணிக்குக் கொடுத்துவிட்டுப் போவதாகத் துரை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா வெளியே அதே காரின் பக்கத்தில் நின்றிருந்தார். ஜன்னல் வழியாக அவருக்கு எல்லாம் கேட்டது. துரை வெளியே வந்ததும் அப்பா கதவைத் திறந்து பிடித்தார். துரை அவர் தோளைத் தட்டி, "ஒனக்குக் காடி எதுக்கு? ரோட் டெக்ஸு, இன்சூரன்ஸு, எல்லாம் தொல்லைலா" என்று சொல்லி, ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தார்.

மறுநாள் காரைக் கழுவித் துடைத்துக் கிராணி வீட்டில் கொண்டுபோய் விடும் வேலையும் அப்பாவுக்குத்தான் வந்தது. காலையில் கார்க் கொட்டகைக்குப் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். மெழுகு பூசிக்கொண்டிருந்தார் என்று அம்மா நினைத்தாள். "எவனோ ஓட்டப் போற காடிக்கு எதுக்கு இந்தப் பவுசு?" என்று திட்டினாள். அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவினார். அதற்குப் பிறகு, "காடி எப்ப வருது டிரைவரே?" என்று கேட்டுச் சிரிக்க லயத்தில் நாலு பேர் இருந்தார்கள். அம்மாதான் அவர்களோடு சண்டை போடுவாள். அப்பா கேட்காததுபோல் நடந்து போவார். இரண்டு வருடத்தில் அம்மா இறந்தாள். பிறகு தோட்டம் வீடமைப்புக்கு விலைபோய், லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அப்பா தெங்கேராவில் என் வாடகை வீட்டுக்கு வந்து என் மனைவியோடும் என்னோடும் இருந்தார்.

கார் என் கைக்கு வந்தபோது எனக்கு இதெல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனாலும் பானெட்டைத் திறந்ததும் மறந்துபோனேன். தொழில் அப்படிப்பட்டது.

காலையில் குளிர்ந்த எஞ்சினை சோக் இழுத்து எழுப்பினால் ஒழுங்காக ஓடும். பத்து நிமிடம் போய் சூடு ஏறிய பிறகுதான் வம்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் தன் பாட்டுக்கு ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதுவோ ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், அப்புறம் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டுச் செத்துவிடும். அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடிலிங் திருகாணியைக் கொஞ்சம் முடுக்கினால் சாகாது. ஆனால் நிற்கும் இடத்தில் வெறிபிடித்ததுபோல் இரையும். சாவியை அணைத்த பிறகும் நாலைந்து உதை உதைத்துவிட்டுத்தான் ஓயும்.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். பாயிண்டைச் சரிபார்த்தேன், டைமிங் வைத்தேன். பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரை முழுக்கப் பிரித்து, ஊசி வளைந்திருக்கிறதா, மிதவை ஓட்டையா என்று பார்த்துக் கழுவிப் பூட்டினேன். மாற்றம் இல்லை. பெட்ரோலைக் கூட்டி வைத்தால் நின்ற இடத்தில் ஓடியது, ரோட்டில் கறுப்புப் புகை கக்கியது. த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடியதைப் பார்த்ததும், இதுதான் என்று முடிவு கட்டினேன். லேத் பட்டறைக்கு எடுத்துப் போய்ப் புது புஷ் அடித்துப் பூட்டினேன். ஒருநாள் நன்றாக இருந்ததுபோல் இருந்தது. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

எங்கோ காற்று புகுகிறது என்பது மட்டும் உறுதி. எஞ்சினை ஓடவிட்டு, மூட்டுகளில் எல்லாம் எண்ணெய்க் குவளையால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தேன். காற்று இழுக்கும் இடமாக இருந்தால் எண்ணெயையும் இழுத்து, சத்தம் மாறும். மேலேயும் பக்கங்களிலும் விட்டேன். மாறவில்லை. அடியில் எக்ஸாஸ்ட் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே கையும் போகாது, எண்ணெய் விடவும் பயம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா கேட்பார்.

"என்னா, காடி ஆச்சா?"

"இல்லப்பா. புஷ் மாத்தியும் அப்பிடியேதான் இருக்கு."

"அது அப்பிடித்தான். பழைய காடி. வயசாச்சுல்ல."

அதோடு விட்டுவிடுவார். ஆனால் அந்த நாட்களில் அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். என் மனைவி சமைத்த கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது என்று வாய்விட்டுச் சொன்னார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சொன்னதே இல்லை. "ஒங்கப்பாவுக்கு இங்க பழகிப்போச்சு போல" என்று மனைவி சந்தோஷப்பட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வாரம் ஓடியது. கிராணி வந்தார். கார் சரியாகவில்லை என்றதும் தவுக்கேயின் முன்னாலேயே, "டிரைவரு மவன்கிட்ட கொடுத்தா இப்பிடித்தான். ஓட்டத்தான் தெரியும்" என்றார். தவுக்கே மலாய் மொழியில் என்னிடம், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடு, காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். முடியும் என்று சொன்னேன்.

கிராணிக்கு இன்னொரு யோசனை இருந்தது. "ஒங்கப்பன் சொம்மாதானே இருக்காரு? அன்னைக்கு வந்து ஓட்டச் சொல்லு. பழைய காலம் மாதிரி வெள்ளச் சட்டை, தொப்பி எல்லாம் வாங்கித் தரேன். பாக்குறவங்களுக்கு ஒரு கெத்தா இருக்கும். இந்தக் காடியோட கொணமும் அவருக்குத்தான் தெரியும். நீயும் பக்கத்துல ஒக்காந்துக்க. நின்னுச்சுன்னா எடுத்து விடலாம்."

இதை அப்பாவிடம் சொல்லவே எனக்குக் கூசியது. மாட்டேன் என்பார், நல்லது, அதையே போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வரேன்னு சொல்லு" என்றார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தபோது, செவ்வாய்க்கிழமை, ஒரு ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சினின் ஒவ்வொரு மூட்டிலும் ஓட்டிப் பார்த்தேன். கார்புரேட்டருக்கு அடியில் கொண்டுபோனதும் பாம்பு சீறுவதுபோல் கேட்டது.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்க்கும் நடுவில், சூடு ஏறாமலிருக்க ஒரு கறுப்புக் கட்டை இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றினாலும் அது குழாயோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தட்டினால் விண்டுபோகும் என்ற பயத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. எனக்கு முன் பார்த்த மூன்று பேரும் தொடவில்லை, நானும் தொட்டிருக்கவில்லை. அன்றைக்கு மெல்லத் தட்டிக் கழற்றினேன். உள்பக்கத்தில், அடியில், தீக்குச்சிப் பருமனுக்கு ஒரு பள்ளம். விரிசலென்றால் கோணலாக ஓடியிருக்கும். இது முக்கோண அரத்தால் ஓரத்திலிருந்து நடுத்துளை வரைக்கும் நேராக இழுத்த பள்ளம். அதன் விளிம்புகளைக்கூடப் பிசிறு இல்லாமல் தேய்த்து விட்டிருந்தது. பள்ளத்தின் மேல், இடுக்கை அடைக்க வைத்திருந்த அட்டைப் பேக்கிங்கிலும் அதே இடத்தில் அதே அளவுக்கு வெட்டு.

அந்த அட்டை பச்சை நிறம். தோட்டத்தில் டிரைவர்களுக்குக் கொடுக்கும் பயணக் குறிப்பேட்டின் அட்டை. எங்கே போனோம், எத்தனை மைல் என்று எழுதும் புத்தகம். எண்ணெயில் ஊறியும் அச்செழுத்துகள் தெரிந்தன. துரையின் காருக்கு அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரே ஒருவர்தான்.

கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையின் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். கொட்டகையில் ஒரு பகல் முழுக்க அப்பா என்ன செய்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. மெழுகும் பூசித்தான் இருப்பார். அதைச் செய்யாமல் அவரால் இருக்க முடியாது.

அதை அப்படியே திரும்ப வைத்துப் பூட்டியிருக்கலாம். கோளாறு பிடிபடவில்லை என்று சொன்னால், ஒரு திட்டோடு போயிருக்கும். நான் செய்யவில்லை. அப்பா ஓட்டும்போது நடுரோட்டில் கார் நின்றால் அவருக்குத்தானே அவமானம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். மூன்று பேருக்குப் பிடிபடாதது எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதை அந்த மனிதர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டிரைவர் மகனுக்கு ஓட்ட மட்டும் இல்லை, இதுவும் தெரியும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். புதுக் கட்டை, புதுப் பேக்கிங் போட்டுப் பூட்டினேன். ஐடிலிங்கை இறக்கி வைத்தேன். தையல் மிஷின்போல் ஓடியது. பானெட் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், லேசாக நடுங்கியதே தவிரச் சிந்தவில்லை.

அன்றைக்கும் அப்பா கேட்டார், "என்னா, காடி ஆச்சா?"

"பாத்துக்கிட்டு இருக்கேம்ப்பா" என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் தஞ்சோங் கிளிங்குக்குப் போனோம். காரைத் தவுக்கே முந்தின நாளே அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார். கிராணி கொடுத்த வெள்ளைச் சட்டை அப்பாவுக்குத் தோளில் தொங்கியது, தொப்பி சின்னது. காரில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையும் தோழனும் பின்னால் ஏறினார்கள், நான் அப்பாவின் பக்கத்தில். கடலோர ரோட்டில் கார் நன்றாகப் போனது. அது எப்போதும் நன்றாகப் போகும்தானே. கோவிலுக்குப் பிரியும் முனையில் நாதஸ்வரமும் மேளமும் காத்திருந்தன. அங்கிருந்து கோவில் வரைக்கும் மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள், வீடியோக்காரர், சேலை சரசரக்கும் பெண்கள். கிராணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தார்.

மேளக்காரர்கள் முதல் தடவை நின்றபோது அப்பாவும் கிளட்சை மிதித்து நிறுத்தினார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தார். எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கையே பார்த்தார். எஞ்சின் சாகப்போகும்போது அதுதான் முதலில் மின்னும். அது மின்னவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மேளம் நகர்ந்தது, காரும் நகர்ந்தது. மறுபடி நின்றார்கள். அப்பா மறுபடி காலை எடுத்து மறுபடி விளக்கைப் பார்த்தார். எதற்காக உடனே வரேன் என்றார், எதற்காக இரண்டாம் தடவை சோறு கேட்டார் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. நான் வெளியே கூட்டத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் தடவை நின்றபோது அவர் விளக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவருடைய கை சாவியின் மேல் போய் நின்றது. ஒரு திருப்புத் திருப்பினால் போதும். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. "அப்பா" என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவர் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். தானாக நின்றால் அது கிராணியின் காருக்கு வந்த கேடு. சாவியைத் திருப்பி நிறுத்தினால் அது டிரைவர் செய்த தப்பு. இருபத்தாறு வருடத்தில் அவர் ஓட்டும்போது தப்பு செய்ததில்லை. கோவில் வாசலில், கம்பளத்தின் விளிம்பில், கதவு சரியாக வரும்படி காரைக் கொண்டு நிறுத்தினார். இறங்கிப்போய் மாப்பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

கிராணிக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தியிடம் சத்தமாகச் சொன்னார், "தெங்கேராவுல ஒரு தவுக்கே இருக்காரு, கெட்டிக்காரரு. அவருகிட்ட விட்டேன். பாத்தீங்கல்ல, எப்பிடி ஓடுதுன்னு!" நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். கடைசிப் பந்தியில் எங்களைச் சாப்பிடச் சொன்னார்கள். அப்பா மோரை மட்டும் குடித்தார். கிளம்பும்போது தொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். "நீயே வச்சுக்கப்பா" என்றார் கிராணி.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். தொப்பி மடியில் இருந்தது. பாதி தூரம் வந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கட்டைய மாத்திட்டியா?"

"மாத்திட்டேம்ப்பா."

"எப்ப?"

"செவ்வாக்கெழம."

"தெரிஞ்சிக்கிட்டே என்னைய ஓட்ட விட்ட."

நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"அத்தன வருசம் வச்சிருந்தாரு. மூணு பட்டறைல கொடுத்தாரு. ஒருத்தனும் கண்டுபுடிக்கல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு, "என் மவன்தான் கண்டுபுடிக்கணும்னு இருந்திருக்கு" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எதற்கென்று சொல்லிக் கேட்பது? காரைப் பழுது பார்த்ததற்கா? அன்றைக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டே பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அப்பா புலாவ் செபாங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனார். நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னார். திரும்பி வரவில்லை. மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். முதல் தடவை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து நின்று, "வாங்க" என்றார். அக்கா சிரித்தாள், விளையாடுகிறார் என்று நினைத்து. அவர் விளையாடவில்லை. "ஒக்காருங்க. கோப்பி குடிக்கிறீங்களா? வேலையெல்லாம் எப்பிடிப் போவுது?" பெற்ற மகனிடம், துரையிடம் பேசுவதுபோல் ஒரு மரியாதை. ஒரு குறை சொல்லவில்லை. பழசை எடுக்கவில்லை. நீ என்று அவர் என்னை அதற்குப் பிறகு கூப்பிட்டதே இல்லை. இரண்டு வருடம் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு தடவை தாங்காமல், "ஏம்ப்பா இப்பிடிப் பேசறீங்க?" என்று கேட்டேன். "எப்பிடிப் பேசறேன்? நல்லாத்தானே பேசறேன்" என்றார்.

மாரடைப்பில் போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இருக்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

சாவுக்குக் கிராணி வந்திருந்தார். மகன் ஓட்டிவந்த புதுக் காரிலிருந்து இறங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கித்தான் இருந்தது, அதை நான் மறைக்க வேண்டியதில்லை.

"ஒங்கப்பா மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்லப்பா. யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்க மாட்டாரு. அந்தக் காடி எனக்கு வந்தப்பகூட ஒரு வார்த்த பேசல, பாரு. சிரிச்ச முகத்தோட கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு."

சுற்றி நின்ற பழைய தோட்டத்து ஆட்கள், ஆமாம் ஆமாம் என்றார்கள். காடி எப்போது வரும் என்று கேட்டுச் சிரித்தவர்களில் இருவர் அதில் இருந்தார்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அரத்தைப் பற்றி, பச்சை அட்டையைப் பற்றி, எந்த போமெனுக்கும் பிடிபடாமல் என் அப்பா அவரை நடுரோட்டில் எத்தனை தடவை நிறுத்தி வைத்தார் என்பதைப் பற்றி. அப்பாவுக்காக நான் செய்யக்கூடியதாக மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். வாயும் திறந்தது.

"ஆமாங்க ஐயா" என்று சொல்லி, அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.